தொண்ணூற்று மூன்று கொட்டாவிகள்

என் அண்ணியின் முகத்தில் மேல் பாதியை மட்டும்தான் இந்த ஊருக்குத் தெரியும். கீழ்ப் பாதி பதினாறு வருடமாக மாஸ்க்குக்குள் இருக்கிறது. செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கும் பல் டாக்டரிடம் அவர் உதவியாளர். டாக்டர் குடைவார், அடைப்பார், பிடுங்குவார். அண்ணி எச்சில் உறிஞ்சும் குழாயை நோயாளியின் வாயோரம் பிடித்துக்கொண்டு நிற்பார். எழுந்து போகிறவர்கள் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். குழாய் பிடித்தவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு நாளைக்கு முப்பது வாய் பார்க்கிறவர் வீட்டுக்கு வந்த பிறகாவது சும்மா இருக்கலாம். இருக்கமாட்டார். நாம் ஏதோ ஜோக்குக்குச் சிரித்தால், "அந்தக் கடவாய்ப் பல்ல இன்னொரு தடவ காட்டு" என்பார். எங்கள் வீட்டில் நிம்மதியாக வாய்விட்டுச் சிரித்து வெகு காலமாகிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பல்லைப் பற்றி இல்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்காக அண்ணி வரைந்த ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பற்றி. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். படம் அவர், பலூன்களுக்குள் எழுத்து நான். அண்ணியின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நான் மருந்துக் கடையில் உறை உறையாக 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று எழுதிக் கை தேர்ந்தவள். இரண்டு வருடம், மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை செய்தோம். ஒரு அண்ணியும் நாத்தனாரும் இவ்வளவு நாள் ஒரே மேஜையில் இருந்தும் இரண்டு பேரும் உயிரோடு இருப்பதுதான் பெரிய சாதனை என்பது என் அண்ணனின் கருத்து.

கதை பிறந்தது அந்தப் பல் நாற்காலியில். ஒரு நாள் சொத்தைப் பல்லோடு ஒரு சிறுமி வந்தாள். வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அவளுடைய அப்பா கெஞ்சினார், சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றார், கடைசியில் மிரட்டினார். வாய் திறக்கவில்லை. அண்ணி அவரை வெளியே போய் உட்காரச் சொன்னார்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அண்ணி ஒரு முறை வைத்திருக்கிறார். முதலில் மாஸ்க்கோடு நின்று கொஞ்ச நேரம் பேசுவார், சிரிக்க வைப்பார். பிள்ளையின் தோள் தளர்ந்ததும் இரண்டடி தள்ளி நின்று, மாஸ்க்கை இறக்கி, கண்ணை மூடி, அண்ணாந்து ஒரு கொட்டாவி விடுவார். அதைப் பார்த்தால் தாடை கழன்று கீழே விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். எப்பேர்ப்பட்ட வீம்புக்காரப் பிள்ளைக்கும் பதிலுக்குக் கொட்டாவி வந்துவிடும். அந்த ஒரு நொடிக்காக டாக்டர் சின்னக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பாதி நாள் அவரும் சேர்ந்து கொட்டாவி விட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்.

அன்றைக்குக் கெடுக்கவில்லை. பல்லை அடைத்து முடித்ததும் அந்தச் சிறுமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, இது உங்க பவரா?"

"ஆமா. வெளிய சொல்லிடாத."

அன்று மாலை அண்ணி வீட்டுக்கு வரும்போது, நோயாளியின் கழுத்தில் கட்டும் காகிதத் துண்டு ஒன்று அவர் பையில் இருந்தது. அதில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு ஒருத்தி நின்றாள். பெயர் கொட்டாவிக்காரி.

பகலில் ஒரு அலுவலகத்தில் உறைகளுக்குத் தபால்தலை ஒட்டுகிறவள் அவள். ஆபத்து என்றால் கிளம்பிவிடுவாள். அவள் கொட்டாவி விட்டால் எதிரே இருக்கும் திருடன், ரவுடி, போலீஸ், குதிரை எல்லோருக்கும் கொட்டாவி வந்து நின்ற இடத்திலேயே தூங்கிவிடுவார்கள். ஒரே ஒரு சங்கடம், அவளும் தூங்கிவிடுவாள். அவளுடைய எதிரி தூங்காமூஞ்சி. தன் தொழிற்சாலையில் ஊரே இருபத்து நாலு மணி நேரமும் வேலை செய்யவேண்டும் என்பதற்காக அவன் ஊரில் உள்ள தலையணைகளையெல்லாம் திருடிக்கொண்டிருப்பான். பாதிச் சண்டையில் தூங்கிப்போகும் கொட்டாவிக்காரியை எழுப்புவதற்கு ஒரு துணை வேண்டும் அல்லவா? அந்தத் துணையின் பெயர் அலாரம். அவளுடைய சக்தி அவள் குரல். உறவு முறையில் நாத்தனார்.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"கற்பனை" என்றார் அண்ணி.

"கற்பனைக்கு எதுக்கு என் கண்ணாடி?"

"கண்ணாடி எல்லாரும்தான் போடறாங்க."

"இந்த மூக்கு?"

அண்ணி ரப்பரை எடுத்து மூக்கை அரை அங்குலம் குறைத்தார். அது கற்பனை இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? இரண்டு நாள் நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கான என் அண்ணன் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னான். "முதுகுல தொங்கற துணி அவ்வளவு நீளம் இருந்தா லிஃப்ட் கதவுல மாட்டிக்கும். ஆளையே இழுத்துட்டுப் போயிடும்." அதனால் உலகத்திலேயே இடுப்பு வரைக்கும் மட்டும் மேலங்கி போட்ட சூப்பர்ஹீரோ எங்களுடையவள்தான். புத்தகத்தில் அதற்குக் காரணமாக லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட கதையும் வந்தது. பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்த பக்கம் என்று பிற்பாடு தெரிந்தது. அண்ணனை இப்போது கையில் பிடிக்க முடியவில்லை.

அண்ணி வரைந்த கொட்டாவிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் வாய் நிறையப் புகழ்கிற ஆள் இல்லை. என்னிடம் நல்ல பெயர் வாங்க முடியாமல் ஒரு மேனேஜர் மாற்றலே வாங்கிக்கொண்டு போனார். ஆனால் அந்தக் கொட்டாவிகள் அப்படி இருந்தன. மொத்தம் அறுபத்து நாலு. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. குதிரையின் கொட்டாவிக்கும் காவல்காரரின் கொட்டாவிக்கும் உள்ள வித்தியாசம் தாடை எலும்பிலேயே தெரியும். உள்நாக்கு எங்கே தொங்கும், நாக்கின் ஓரம் எந்தப் பல்லில் படும், பொய்க் கொட்டாவியில் எந்த இடம் விரியாது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவற்றுக்குப் பக்கத்தில் எழுத்து எழுதும்போது நானே விடாமல் கொட்டாவி விட்டேன். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், அங்கேதான் நாங்கள் கோட்டைவிட்டோம்.

வரைந்து முடித்துப் பதிப்பகத்துக்கு அனுப்பினோம். அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கான எந்தப் புத்தகத்தையும் அவர்கள் தாங்களாகப் படித்துப் பார்த்து முடிவு செய்யமாட்டார்கள். ஒரு பள்ளி நூலகத்தில் இருபத்தாறு பிள்ளைகளுக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, பதிப்பாசிரியர் அம்மாள் பின்வரிசையில் ஒரு தாளோடு உட்கார்ந்துகொள்வார். யாராவது சிரித்தால் ஒரு கோடு. முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு கோடு. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்தால் ஒரு கோடு. கொட்டாவி விட்டாலும் ஒரு கோடு. ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு வாசிப்புதான். எழுதியவர்கள் அழுதாலும் புரண்டாலும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நான்தான் பிரித்துப் படித்தேன். 'நாற்பத்தைந்து நிமிடத்தில் தொண்ணூற்று மூன்று கொட்டாவிகள். எங்கள் பதிப்பகத்தின் பன்னிரண்டு வருட அனுபவத்தில் எந்தப் புத்தகத்துக்கும் இந்த எண்ணிக்கை வந்ததில்லை. குழந்தைகள் மிகவும் சலிப்படைந்ததாகத் தெரிகிறது. தங்கள் ஓவியத் திறமையை மதிக்கிறோம். எனினும் வெளியிட இயலாது.'

அண்ணி கடிதத்தை வாங்கிப் படித்தார். மடித்து மேஜை மேல் வைத்தார். எழுந்து போய் அடுப்பில் இருந்த பாலை இறக்கினார். இரண்டு வருட உழைப்பு, ஒரு தாளில் முடிந்துபோயிற்று. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் புத்தகம் வரவேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்குத்தான் தெரியும். ஒரு கொட்டாவி நேரத்துக்கு மேல் மாஸ்க் இல்லாமல் பிள்ளைகள் முன்னால் நிற்க அவருக்கு வேறு வழி இல்லை.

என்னால் அப்படிப் பாலை இறக்கிக்கொண்டிருக்க முடியாது. பதிப்பகத்துக்குப் போன் போட்டேன். "ஏங்க, கொட்டாவி விடற படம் போட்ட புத்தகத்தப் படிச்சா கொட்டாவி வராம விக்கலா வரும்? பக்கத்துல ஒருத்தர் விட்டா நமக்கும் வருமா வராதா? இது தெரியாம பன்னெண்டு வருஷமா கோடு போட்டுட்டு இருக்கீங்களா?"

"அம்மா, நீங்க சொல்றது புரியுது" என்றார் பதிப்பாசிரியர். "ஆனா எங்க விதி..."

நான் விதியைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி போனைப் பிடுங்கிக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க, என் நாத்தனாருக்கு முணுக்குனு கோவம் வந்துரும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முதல் கொட்டாவி எந்தப் பக்கத்துல வந்துச்சு?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். "ஏழாம் பக்கம்."

"அதுக்கு முன்னாடி சிரிச்சாங்களா?"

"நல்லாவே சிரிச்சாங்க. மூணாம் பக்கத்துல பதினெட்டுப் பேர். பதினொண்ணுக்கு அப்புறம்தான் சிரிப்பே இல்ல."

"அந்தத் தாளோட நகல் ஒண்ணு அனுப்ப முடியுமா?"

"எங்கிட்ட சண்டை போட்டவங்க நிறையப் பேர். தாளக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார் பதிப்பாசிரியர்.

தாள் வந்தது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல அண்ணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தார். நான் எதிரே உட்கார்ந்து பதிப்பகத்தை வைதுகொண்டிருந்தேன். தப்பு அவர்கள் பேரில்தான் என்று அண்ணி ஒரு முறை சொன்னால் போதும், எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அவர் சொன்னது வேறு.

"தப்பு எம்மேலதான்."

"என்ன அண்ணி சொல்றீங்க? போரடிச்சா விட்டாங்க? உங்க படத்தப் பாத்துதான விட்டாங்க?"

"அது சரி. ஆனா கொட்டாவி விடற வாயால சிரிக்க முடியாது. ஏழாம் பக்கத்துலயே வாயத் திறந்து காட்டிட்டேன். அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் அதையேதான் காட்டிட்டு இருந்திருக்கேன். புள்ளைங்க எப்பச் சிரிக்கும்?" அவர் தாளை மேஜைமேல் வைத்தார். "ஆஸ்பத்திரில நான் இப்படியா செய்யறேன்? வந்ததும் வராததுமா மாஸ்க்க இறக்கினா எந்தக் குழந்தை வாயத் திறக்கும்? முதல்ல மூடிட்டுப் பேசணும், சிரிக்க வைக்கணும். கடைசில ஒரு தடவதான் இறக்கணும்."

எனக்குப் புரிவதற்குள் அவர் பென்சிலைச் சீவத் தொடங்கிவிட்டார்.

அறுபத்து நாலு கொட்டாவிகளில் அறுபத்து மூன்றை அண்ணி மூடினார். அவ்வளவு அருமையாக வரைந்ததை எப்படி மனம் வந்து அழித்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நான் ஒரு நல்ல சட்டையில் பித்தான் மாற்றக்கூட யோசிக்கிறவள். கொட்டாவிக்காரி வாயைத் திறக்கப் போகும்போதெல்லாம் இப்போது குறுக்கே ஏதாவது வந்தது. ஏழாம் பக்கத்தில் ஒரு புறா. அதற்கப்புறம் விரித்த குடை, மூடுகிற லிஃப்ட் கதவு, யாரோ தூக்கிக்கொண்டு போகும் சோபா. அவள் வாய் தெரியாது. ஆனால் எதிரே வரிசையாகச் சாய்ந்து கிடக்கும் திருடர்கள் தெரிவார்கள். நாற்பதாம் பக்கத்தில் மறைக்க ஒன்றும் அகப்படாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மூக்க நீளமாப் போட்டுக்கோங்க" என்றேன். "அலாரம் பக்கவாட்டுல நின்னா அது மறைக்கும்."

"நெசமாவா?"

"சொல்லிட்டேன்ல. மறுபடி கேக்காதீங்க."

நாற்பத்தொரு பக்கம் புதிதாக எழுதினேன். என் விரல் வீங்கியது. ஐந்து மாதம் ஆயிற்று. கடைசிக் கொட்டாவி ஒன்றை மட்டும் அண்ணி விட்டுவைத்தார். அதை எதிரெதிர் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து, ஓரத்துக்கு ஓரம் நிரம்பும்படி பெரிதாக வரைந்தார். பிறகு பொட்டலம் கட்டிப் பதிப்பகத்துக்கு அனுப்பினார். கூடவே நாலு வரி: 'உங்கள் தாள் சரியாகச் சொல்லியிருக்கிறது. அதைப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன். இன்னொரு முறை படிக்கக் கொடுப்பீர்களா?' கெஞ்சலும் இல்லை, வாதமும் இல்லை.

விதியைத் தளர்த்துவதாகப் பதில் வந்தது. இந்த முறையும் தேறவில்லையென்றால் அதோடு சரி என்றும் அதில் இருந்தது. நாங்கள் இருவரும் வந்து உட்காரலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் கடைசி வாக்கியம் எனக்காகவே எழுதியது.

நூலகத்தில் தாழ்வான நாற்காலிகள். புதிதாக இருபத்தாறு பிள்ளைகள். பின்வரிசை மேஜையில் பதிப்பாசிரியர் தாளை விரித்து நாலு கட்டங்களுக்கும் தலைப்பு எழுதினார். நான் பிள்ளைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். அண்ணி பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, பக்கம் திரும்பும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்க் இல்லாத அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு. ஏழாம் பக்கத்தில் புறாவுக்குச் சிரிப்பு. பதினொன்றைத் தாண்டியும் நிற்கவில்லை. என் மூக்குக்கு ஒரு பையன் நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டான், பரவாயில்லை, பொறுத்துக்கொண்டேன். கொட்டாவிக் கட்டத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி எல்லோரையும் முந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். நூற்றேழாம் பக்கத்தில், தலையணை மலையின் உச்சியில் தூங்காமூஞ்சி நிற்க, கீழே கொட்டாவிக்காரி அண்ணாந்து பார்க்கிறாள். சுற்றிலும் புறா இல்லை, குடை இல்லை. இரட்டைப் பின்னல்காரி பக்கத்தைத் திருப்பினாள்.

சிறிது நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு அவள் தோள் உயர்ந்தது, தலை பின்னால் சாய்ந்தது, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். பக்கத்தில் இருந்தவன் தொண்ணூறாம் பக்கத்தில்தான் இருந்தான். அவளைப் பார்த்து அவனும் விட்டான். அவனைப் பார்த்து இன்னொருத்தி. வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. பதிப்பாசிரியர் கோடு போடப் பேனாவை எடுத்தார், எடுத்த கை அப்படியே நிற்க, அவரும் வாயைப் பிளந்தார். அந்தச் சமயத்தில் இரட்டைப் பின்னல்காரி எழுந்து நின்று திரும்பி, அறை முழுவதையும் பார்த்தாள்.

"ஏய், நம்ம மேலயும் வேல செஞ்சிருச்சுடா."

அதற்குப் பிறகு வந்த சிரிப்பைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்து கதவைத் திறந்தார். பின்தங்கியிருந்தவர்கள் அவசர அவசரமாக அந்தப் பெரிய கொட்டாவிப் பக்கத்துக்குத் தாவினார்கள், அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள், விட்டுவிட்டுச் சிரித்தார்கள். கதவருகே நின்ற டீச்சருக்கும் வந்தது. அண்ணி அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். எத்தனையோ ஆயிரம் வாய்களைப் பார்த்தவர், அந்த அறையில் திறந்திருந்த வாய்களை முதல் முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பதிப்பாசிரியர் கண்ணோரம் துடைத்துக்கொண்டு தாளில் கொட்டாவிக் கட்டத்தைக் குறுக்காக அடித்தார். "அச்சுக்கு எடுத்துக்கறோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்த ரூம்லயே நீங்க ஒருத்தங்கதான் விடல. தினம் பாத்துப் பாத்துப் பழகிடுச்சா?"

உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று அண்ணிக்குத் தெரிந்தது. "ஆமாங்க, அவ எழுதினவ இல்லையா, அவளுக்குப் பழகிடுச்சு" என்று எனக்காகச் சொல்லிவிட்டு, மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.